டிபியா, ஃபிபுலா மற்றும் ஒரு கோலி சோடா

முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுறவன். இன்ஜினியரிங் முடிச்சுட்டு அஞ்சாறு வருஷமா அடுத்தவன் எழுதி வெச்ச கோடுல பூச்சி பிடிச்சுக்கிட்டு இருக்கேன். "மருத்துவப் படிப்பைப் பத்திப் பேச உனக்கு இன்னாபா தகுதி?"ன்னு கேக்கப் போறவங்களுக்கு என் பதில் இதுதான்: எனக்கும் ஒரு நாள் யாராவது ஊசி போடப் போறாங்க. எங்கப்பாவுக்கு ஏற்கெனவே போட்டுக்கிட்டு இருக்காங்க. அந்தத் தகுதி போதும்.

சொல்ல வந்த விஷயம் ரெண்டே வரி. நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் மாதிரி படிப்புகள்ல சேர்ந்த உடனே அனாட்டமி, பிசியாலஜின்னு ரெண்டு பாடம் தலையில வந்து விழும். அந்த ரெண்டையும் இங்கிலீஷ்ல மட்டும்தான் நடத்துவோம், இங்கிலீஷ்ல மட்டும்தான் எழுதணும், வைவாவுல கூட இங்கிலீஷ்லதான் வாயைத் திறக்கணும்னு வெச்சிருக்கிறது, படிக்கிற பசங்களுக்குச் செய்யுற அநியாயம். நாளைக்கு அவங்க முன்னாடி படுக்கப் போற நமக்குச் செய்யுறது அதைவிடப் பெரிய அநியாயம்.

"ஆரம்பிச்சுட்டான்யா தமிழ் வாழ்க கோஷ்டி"ன்னு ஜன்னலை மூடப் போறவங்க கொஞ்சம் பொறுங்க. நான் அந்தக் கோஷ்டி இல்லை. கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க. :-)

*

எங்க ஊர் முதலியார்பேட்டை. கடலூர் ரோட்டுல ஏ.எஃப்.டி மில்லு இருக்கிற இடம்னா பாண்டிக்காரங்களுக்குச் சட்டுனு புரியும். இருந்த இடம்னு சொல்லணும், 2020-ல மூடிட்டாங்க. மில்லு ஓடின காலத்துல எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் அங்கே வேலைக்குப் போவாங்க. அந்த வீடுகள்ல இப்போ எட்டிப் பார்த்தா, பேரப்புள்ளைங்க வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு காலேஜ் பஸ்ஸுக்கு மரப்பாலத்துல நிக்குதுங்க. டாக்டருக்கு இல்லை. அதுக்கு மார்க்கும் பத்தாது, காசும் பத்தாது. நர்சிங், டி.பார்ம், பி.பார்ம், லேப், டயாலிசிஸ், எக்ஸ்ரே. இந்தச் சின்ன ஊரைச் சுத்தி அத்தனை மருத்துவக் கல்லூரி, அத்தனை ஆஸ்பத்திரி இருக்கிறதால, மில்லு போன இடத்துல வந்து உக்காந்திருக்கிற தொழில் இதுதான். அதனால முதல் செமஸ்டர் அனாட்டமியில ஒரு பொண்ணு தேறுதா இல்லையாங்கிறது எங்க தெருவுல ஒரு குடும்பத்தோட சோத்துப் பிரச்சனை.

எங்க சித்தி பொண்ணு ஒருத்தி. கடலூர் பக்கம் அரசுப் பள்ளியில தமிழ் மீடியத்துல பிளஸ் டூ முடிச்சா. நல்ல மார்க். எங்க வீட்டுலேர்ந்துதான் நர்சிங் காலேஜ் போய்க்கிட்டு இருக்கா. எந்தக் காலேஜுன்னு சொல்ல மாட்டேன், எல்லா இடத்துலயும் கதை ஒண்ணுதான். முதல் இன்டர்னல்ல அனாட்டமி, பிசியாலஜி ரெண்டும் காலி. ராத்திரி பதினோரு மணிக்கு ஹால்ல நடந்துக்கிட்டே ஒரே வரியை முப்பது தடவை சொல்லிக்கிட்டு இருந்தா: "த ஹார்ட் இஸ் எ ஹாலோ மஸ்குலர் ஆர்கன்."

"ஹாலோன்னா என்னம்மா?"ன்னு கேட்டேன்.

"தெரியலண்ணா. ஆனா அந்த வார்த்தை விட்டுப் போச்சுன்னா அரை மார்க் கட் பண்ணிடுவாங்க."

சரி, சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு தமிழ்ல சொல்லேன்னேன். அசந்துட்டேங்க. நெஃப்ரான்லேர்ந்து ஆரம்பிச்சா. ரத்தம் எங்கே வடிகட்டுது, வடிகட்டினதுல எதெல்லாம் திரும்ப உள்ளே போகுது, எது வெளியே போகுதுன்னு ஒரு பேப்பர்ல படம் போட்டு விளக்கினா. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதுல ஒண்ணு ரெண்டு லிட்டரை மட்டும் சிறுநீரா வெளியே அனுப்பிட்டு மிச்சத்தை உடம்பு திரும்ப எடுத்துக்குது. "நம்ம தண்ணி கேன் கணக்குல தினம் ஒம்பது கேன் ஃபில்டர் பண்ணுதுண்ணா, அதான் அது பழுதானா மெஷின்ல போட வேண்டியிருக்கு"ன்னா. இந்தப் பொண்ணுக்குத்தான் பிசியாலஜியில ஃபெயில் மார்க்கு!

பாடம் அவ தலையில ஏற்கெனவே இருக்கு. பரீட்சை தேடுறது பாடத்தை இல்லை, ஒரு அரை மார்க் வார்த்தையை.

*

இங்கே ஒருத்தர் எழுந்து, "தம்பி, உணர்ச்சிவசப்படாதே. மருத்துவத்துக்குத் தமிழ்ல சொல்லே கிடையாது"ன்னு சொல்வார். எனக்கு ரொம்பப் பிடிச்ச வாதம் இதுதான். ஏன்னா இதை உடைக்கிறது ரொம்ப சுலபம்.

முதல்ல அந்தப் 'புனிதமான' சொற்கள் எல்லாம் என்னன்னு பாப்போம். கீழ்க்கால்ல ரெண்டு எலும்பு, டிபியா, ஃபிபுலா. லத்தீன்ல டிபியான்னா புல்லாங்குழலுக்கும் அதே சொல்தான். ஃபிபுலான்னா துணியைச் சேத்துக் குத்துற ஊக்கு. முட்டியில இருக்கிற பட்டெல்லா, சின்னத் தட்டு. தொடை எலும்பு போய் உக்கார்ற குழிக்குப் பேரு அசெட்டாபுலம், அதாவது வினிகர் கிண்ணம். பெல்விஸ், அகலமான பாத்திரம். காதுக்குள்ள இருக்கிற காக்ளியா, நத்தை. முதுகெலும்பு முடியுற இடத்துல இருக்கிற காக்சிக்ஸ் கிரேக்கத்துல குயில், எலும்பு அந்தப் பறவையோட அலகு மாதிரி இருக்காம். மஸில்ங்கிறது லத்தீன்ல சுண்டெலி! தோலுக்கு அடியில ஓடுதாம்.

பாத்தீங்களா? பேர் வெச்சவன் சமையல்கட்டுலேர்ந்தும் கொல்லைப்புறத்துலேர்ந்தும் எடுத்து வெச்சிருக்கான். அவன் மாணவனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் உருவம் கண்ணு முன்னாடி வரணும்னு வெச்சான். நம்ம பொண்ணுக்கு அசெட்டாபுலம்னா வெறும் சத்தம். கிண்ணம்னு ஒரு தடவை சொல்லியிருந்தா அந்த எலும்பை ஆயுசுக்கும் மறக்க மாட்டா.

இதே வேலையை நம்ம ஆளுங்களும் செஞ்சிருக்காங்க. முழங்கால் சில்லுன்னு சொல்றோமே, பாண்டி ஆட்டத்துல எறியுற அதே சில்லுதான். நுரையீரல்னு சொல்லிப் பாருங்க. கறிக்கடையில வாங்கின ஆட்டு நுரையீரலைத் தொட்டுப் பாத்தவங்களுக்குத் தெரியும், அந்தப் பேர்லயே பாதி பாடம் இருக்கு. காத்து நிரம்பின, நுரை மாதிரி உறுப்பு. பித்தப்பை, சிறுகுடல், பெருங்குடல், மூச்சுக்குழல், உணவுக்குழல். பேரைக் கேட்டாலே என்ன வேலை, என்ன வடிவம்னு தெரிஞ்சுடும். 'ஈசோஃபேகஸ்'னு எழுதத் தெரியாம ஸ்பெல்லிங்ல மார்க் விட்ட பொண்ணுக்கு உணவுக்குழல் தெரியாதுன்னு முடிவு கட்டுறது என்ன நியாயம்?

*

அடுத்து, "பேச்சுக்கு நல்லா இருக்கும். யாராவது செஞ்சு காட்டியிருக்காங்களா?"ம்பாங்க. செஞ்சிருக்காங்க. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே, அதுவும் ஒரு அமெரிக்கர், யாழ்ப்பாணத்துல.

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். மாசசூசெட்ஸ்ல பிறந்த டாக்டர். அமெரிக்க மிஷன் அனுப்பி 1847-ல இலங்கைக்கு வந்தார். வட்டுக்கோட்டையிலயும் மானிப்பாயிலயும் வேலை பார்த்தார். ஆரம்பத்துல அவரும் இங்கிலீஷ்லதான் மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். என்ன ஆச்சுன்னா, இங்கிலீஷ்ல படிச்சவங்க அரசாங்க வேலை தேடிக் கிளம்பினாங்க. கிராமத்து ஜனம் பழையபடி டாக்டர் இல்லாமலே கிடந்துச்சு. அவர் மதம் பரப்ப வந்தவர், அதுல எனக்கு ஒரு அக்கறையும் இல்லை. ஆனா அடுத்து அவர் செஞ்சதுதான் முக்கியம். தமிழ் படிச்சார். 1864-லேர்ந்து தமிழ்லயே மருத்துவ வகுப்பு நடத்தினார். மொத்தத்துல அவர்கிட்ட படிச்சு வெளியே வந்த தமிழ் டாக்டர்கள் 60 பேருக்கு மேல.

புத்தகம் இல்லாம வகுப்பு நடக்குமா? அதையும் பாத்துக்கிட்டார். 1852-லயே உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் மூணையும் சேர்த்து கட்டர்ங்கிறவர் எழுதின பாடநூலைத் தமிழ்ல கொண்டு வந்தாச்சு. அப்புறம் பிரசவம், அறுவை சிகிச்சைன்னு வரிசையா வந்துச்சு. 1872-ல 'மனுஷ அங்காதிபாதம்'. அது என்னன்னு தெரியுமா? கிரேஸ் அனாட்டமி! இன்னைக்கும் மருத்துவ மாணவர்கள் மூட்டை மாதிரி தூக்கிக்கிட்டு அலையுற அதே கிரேஸ் அனாட்டமி. இங்கிலாந்துல அது முதல்ல வந்தது 1858-ல. பதினாலே வருஷத்துல தமிழ்ல இருந்துச்சு. தன்கிட்ட படிச்ச தமிழ் மாணவர்களையும் கூட வெச்சுக்கிட்டுத்தான் இந்த மொழிபெயர்ப்பு வேலைகளைச் செஞ்சார்.

சொல்லுக்கு அவர் வெச்சிருந்த விதி ரொம்ப எளிமை. முதல்ல தமிழ்ல இருக்கான்னு பார். இல்லையா, சமஸ்கிருதத்துல பார். அங்கேயும் இல்லையா, இங்கிலீஷ் சொல்லையே தமிழ் எழுத்துல எழுது. வேதியியல் புத்தகத்துக்கு 'கெமிஸ்தம்'னே பேர் வெச்சார் மனுஷன். சண்டை போட்டு நேரத்தை வீணாக்கலை. எதிர்ல நோயாளி காத்துக்கிட்டு இருக்கார், வேலை நடக்கணும்.

அவர் 1873-ல ஊர் திரும்பினார், 1884-ல இறந்தார். அவருக்கப்புறம் தமிழ்வழி மருத்துவம் நிலைக்கலை. மானிப்பாய்ல அவர் பேர்ல ஆஸ்பத்திரி இருக்கு. நாம இன்னும் "தமிழ்ல முடியுமா?"ன்னு கருத்தரங்கம் நடத்திக்கிட்டு இருக்கோம்.

நிலைச்ச இடம் ஒண்ணைப் பாருங்க. 1771-ல ஜப்பான்ல சுகிதா கெம்பாகு, மாயெனோ ர்யோதாகுன்னு ரெண்டு வைத்தியர்கள் மரண தண்டனை நிறைவேத்தின ஒரு உடலை அறுக்கிறதைப் பாக்கப் போனாங்க. ரெண்டு பேர் கையிலயும் ஒரே டச்சு உடற்கூறு நூல். பழைய சீன வைத்தியப் புத்தகத்துல இருந்த படத்துக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. டச்சுப் புத்தகத்துப் படம் அச்சா பொருந்துச்சு. ஆனா அவங்களுக்கு டச்சு சரியா தெரியாது. ஒவ்வொரு வாக்கியமா மல்லுக்கட்டி 1774-ல மொழிபெயர்த்து வெளியிட்டாங்க. நரம்புக்குச் சொல் இல்லாம அவங்க உண்டாக்கின 'ஷின்கெய்'தான் இன்னைக்கும் ஜப்பான்ல நரம்பு. ஜப்பான்காரன் இன்னைக்கும் தன் மொழியிலதான் டாக்டருக்குப் படிக்கிறான். அவன் ஊர் ஸ்கேன் மெஷின்தான் நம்ம ஊர் ஆஸ்பத்திரியில ஓடுது.

நம்ம ஊர் பெருமை மட்டும் குறைச்சலா? 1823-ல பிரெஞ்சுக்காரங்க இங்கே ஒரு மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சாங்க, இப்போ சட்டசபை இருக்கிற இடத்துல. அதுதான் பின்னாடி 1956-ல தன்வந்திரி மருத்துவக் கல்லூரி, 1964-ல ஜிப்மர். 200 வருஷம் தாண்டியாச்சு. பிரெஞ்சு போச்சு, இங்கிலீஷ் வந்துச்சு. கட்டில்ல படுத்திருக்கிறவர் மட்டும் 200 வருஷமா தமிழ்லதான் முனகிக்கிட்டு இருக்கார்.

அந்தப் பிரெஞ்சுக்காரங்க ஊர்லயே இதே கூத்து நடந்திருக்கு. ஆம்ப்ரோய்ஸ் பாரேன்னு 16-ம் நூற்றாண்டுல ஒரு நாவிதர்-அறுவை வைத்தியர். லத்தீன் தெரியாது. போர்க்களத்துல கத்துக்கிட்டதைப் பிரெஞ்சுலயே எழுதினார். 1575-ல அவர் எழுத்தெல்லாம் ஒரே தொகுப்பா வந்தப்போ, பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் குதிச்சாங்க. மருத்துவத்தைப் பேச்சு மொழியில எழுதுறதான்னு. இன்னைக்கு அறுவை சிகிச்சை வரலாற்றுல பாரே பேர் இருக்கு. குதிச்சவங்க பேரு யாருக்காவது தெரியுமா?

*

இப்போ அந்தக் கோலி சோடா.

எங்க தெருவுல ஒரு பெரியவர். ரிட்டையர்டு மில் தொழிலாளி. பிரஷரு, இதயமும் கொஞ்சம் பலவீனம். ஒரு ஆஸ்பத்திரியில பத்து நாள் இருந்துட்டு வீட்டுக்கு வந்தார். டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஒரு நர்ஸ் பொண்ணு பொறுமையா, மரியாதையாத்தான் சொல்லி அனுப்பியிருக்கு: "ஐயா, சோடியம் ரெஸ்ட்ரிக்ட் பண்ணணும். ஃப்ளூயிடும் லிமிட்டா எடுத்துக்கணும்."

பெரியவர் சொன்ன சொல் தவறாதவர். வந்த அன்னையிலேர்ந்து கோலி சோடாவைத் தொடலை. டீக்கடையில யாராவது வாங்கிக் கொடுத்தா கூட, "டாக்டரு சோடா கூடாதுன்னுட்டாருபா"ன்னு கையெடுத்துக் கும்பிடுவார். ஆனா தினம் கருவாட்டுக் கொழம்பு. கூட நார்த்தங்கா ஊறுகாய். மோர்ல ஒரு கைப்பிடி உப்பு, வெயிலுக்கு நல்லதுன்னு. ரெண்டு மாசத்துல காலு ரெண்டும் வீங்கி, மூச்சு விட முடியாம ஒரு ராத்திரி ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினோம். பொழைச்சுக்கிட்டார், அதுவே பெரிய விஷயம்.

அப்புறம் எங்க சித்தி பொண்ணுதான் அவர் வீட்டுத் திண்ணையில உக்காந்து சொன்னா. "தாத்தா, சோடியம்னா உப்பு. உப்பு ரத்தத்துக்குள்ள தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். தண்ணி ஏறினா குழாய்க்குள்ள அழுத்தம் ஏறும். ஏற்கெனவே களைச்சுப் போன இதயம் அத்தனையையும் தள்ள முடியாம திணறும். தள்ள முடியாத தண்ணிதான் கால்ல இறங்கி வீங்குது, நெஞ்சுல கோத்துக்கிட்டு மூச்சு முட்டுது. நாள் பூரா சேத்து ஒரு டீஸ்பூனுக்கு மேல உப்பு உள்ளே போவக் கூடாது. கருவாட்டுல இருக்கிறதும் அந்தக் கணக்குதான். உங்களுக்கு அதைவிடக் குறைச்சு வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "உப்புன்னு சொல்றதுக்கு இன்னாமா அந்தப் பொண்ணுக்கு?"

இதுக்கு என்ன பதில் இருக்கு, சொல்லுங்க. அந்த நர்ஸ் பொண்ணு மேல தப்பு சொல்ல முடியுமா? அதுவும் எங்கேயோ ஒரு பேட்டையில, ஒரு ஹால்ல ராத்திரி பதினோரு மணிக்கு நடந்துக்கிட்டே மனப்பாடம் பண்ணின பொண்ணுதான். சோடியம்னு எழுதினாத்தான் மார்க், உப்புன்னு எழுதினா சிரிப்பாங்கன்னு நாலு வருஷம் பழக்கிவிட்டோம். பழக்கினபடியே பேசிச்சு.

*

வழக்கமா வர்ற எதிர்வாதங்களுக்கு வருவோம். பின்னூட்டத்துல வரப் போறதை முன்கூட்டியே முடிச்சுடுறேன்.

ஒண்ணு: "தமிழ்ல படிச்சா வெளிநாட்டு வேலை கிடைக்காது." இங்கிலீஷை எடுத்துடுங்கன்னு நான் சொல்லவே இல்லையே. டிபியாவை டிபியான்னே எழுதட்டும், மருந்துப் பேர் இங்கிலீஷ்லயே இருக்கட்டும், கேஸ் ஷீட்டும் அப்படியே. நான் கேக்குறது புரிய வைக்கிற மொழி. வெளிநாடு போறவங்களுக்குத் தனியா இங்கிலீஷ் பரீட்சை இருக்கு, அதுக்குத் தனியா தயாராவாங்க. புரியாம மனப்பாடம் பண்ணின பிசியாலஜியை வெச்சுக்கிட்டு லண்டன்ல மட்டும் எப்படி நோயாளியைப் பாக்க முடியும்?

ரெண்டு: "இப்போ எல்லாப் பசங்களும் இங்கிலீஷ் மீடியம்தானே." ஆமா, பாண்டியில அரசுப் பள்ளிங்க எல்லாம் சி.பி.எஸ்.இ-க்குப் போயாச்சு. பக்கத்துல கடலூர், விழுப்புரம் கிராமத்துலேர்ந்து வர்ற பசங்க? சரி, பசங்க எல்லாருமே இங்கிலீஷ் மீடியம்னே வெச்சுக்குவோம். நோயாளி எந்த மீடியம்?

மூணு: "நோயாளிகிட்ட பேசுறது அனுபவத்துல தானா வந்துடும்." கோலி சோடா. அடுத்த கேள்வி ப்ளீஸ்.

நாலு: "மொழிபெயர்ப்புத் தமிழ் இங்கிலீஷைவிடக் கஷ்டமா இருக்கு." இது நியாயமான வாதம், ஒத்துக்கணும். கிரீனோட முதல் புத்தகத்துத் தலைப்பு 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. அன்னைக்கு யாழ்ப்பாணத்துல அது ஓடியிருக்கலாம், இன்னைக்கு வாசிச்சா மூச்சு வாங்குது. அதுக்கு நேர் எதிர்க் கரையில நம்ம தனித்தமிழ் அன்பர்கள். ஆக்சிஜனுக்கு ஒரு சொல், ஹார்மோனுக்கு நாலு சொல், இன்சுலினுக்கும் ஏதாவது கண்டுபிடிக்கலைன்னா தூக்கம் வராது. அய்யா சாமிகளா, ரேஷன் கடை வரிசையில நிக்கிற எங்க பெரியம்மா இன்சுலின்னு தமிழ்லதான் சொல்றாங்க. அது தமிழாயி ரொம்ப நாள் ஆச்சு. தெருவுல என்ன சொல்றாங்களோ அதை எடுத்துக்கோங்க. இல்லாததுக்கு இங்கிலீஷையே வெச்சுக்கோங்க. வாக்கியம் தமிழா இருந்தா போதும், புரிஞ்சுடும். சொல்லுக்குச் சண்டை போட்டே வாக்கியத்தைக் கோட்டை விட்டவங்க நாம.

அஞ்சு: "அப்போ நீ மத்தியப் பிரதேசத்து ஆளுங்க மாதிரி பண்ணச் சொல்றியா?" 2022 அக்டோபர்ல அங்கே முதல் வருஷ எம்.பி.பி.எஸ்-க்கு அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூணுக்கும் ஹிந்திப் புத்தகம் வெளியிட்டாங்க. இங்கிலீஷ் சொல்லையே ஹிந்தி எழுத்துல போட்டிருக்காங்கன்னு நம்ம ஆளுங்க பல பேர் கிண்டல் பண்ணினாங்க. கிரீன் அதையேதான் மூணாவது விதியா வெச்சிருந்தார். அவங்க அரசியல் நமக்கு வேணாம். ஆனா கிண்டல் பண்றதுக்கு முன்னாடி நம்ம முதுகைப் பாக்கணும். தமிழ்நாடு பாடநூல் கழகம் கிரேஸ் அனாட்டமி மாணவர் பதிப்பை 2023-ல தமிழ்ல கொண்டு வந்துச்சு. நல்ல காரியம். ஆனா பரீட்சையை இங்கிலீஷ்லயே வெச்சுக்கிட்டு புத்தகத்தை மட்டும் தமிழ்ல போட்டா, அது பீரோவுலதான் தூங்கும்.

*

வெறுமனே திட்டிட்டுப் போறது எனக்குப் பிடிக்காது. கேக்குறது இவ்வளவுதான்:

1. முதல் செமஸ்டர் அனாட்டமி, பிசியாலஜி வகுப்பு ரெண்டு மொழியில நடக்கணும். நல்ல வாத்தியாருங்க ஏற்கெனவே கதவைச் சாத்திக்கிட்டு தமிழ்ல சொல்லித் தர்றாங்க. அதைத் திருட்டுத்தனமா செய்ய வேண்டிய நிலைமை போகணும்.

2. வைவாவுல எந்த மொழியில வேணா பதில் சொல்லலாம். கையில எலும்பைக் கொடுத்து "இது என்ன, வலப்பக்கமா இடப்பக்கமா, எப்படிக் கண்டுபிடிச்சே?"ன்னு கேக்குற கேள்விக்கு இங்கிலீஷ் எதுக்கு? எலும்புக்கு மொழி கிடையாது.

3. பிராக்டிகல் பரீட்சையில அஞ்சு நிமிஷம், மார்க்கோட: எதிர்ல ஒருத்தரை உக்கார வெச்சு, பிரஷர்னா என்ன, உப்பை ஏன் குறைக்கணும், சர்க்கரை மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாதுன்னு அவருக்குப் புரியுற தமிழ்ல சொல்லணும். நர்சிங் கவுன்சிலோட 2021 பாடத்திட்டத்துல முதல் செமஸ்டர்லயே இங்கிலீஷ்ல பேசப் பழகுறதுக்குன்னு ஒரு பேப்பர் இருக்கு. நல்லது, இருக்கட்டும். நோயாளியோட மொழியில பேசுறதுக்கு ஒரு அஞ்சு நிமிஷமாவது கொடுங்கய்யா.

4. எந்த லத்தீன், கிரேக்கச் சொல்லைச் சொல்லித் தந்தாலும் அதுக்கு அர்த்தத்தையும் சேத்துச் சொல்லுங்க. கிண்ணம், ஊக்கு, நத்தை, குயில். ஒரு சொல்லுக்குப் பத்து விநாடி கூட ஆகாது. உடம்புல 206 எலும்பு, எல்லாத்துக்கும் சொன்னாலும் ஒரு வகுப்புல முடிஞ்சுடும்.

இதுல எதுக்கும் கோடிக்கணக்குல பணம் வேணாம். புதுக் கட்டடம் வேணாம். சுத்தறிக்கை ஒண்ணு போதும். ஆனா போட மாட்டாங்க. ஏன்னா இங்கிலீஷ்ங்கிறது இங்கே பாடத்துக்கான மொழி மட்டுமில்லை, வாசல்ல நிக்க வெச்சிருக்கிற வாட்ச்மேன். மில் தொழிலாளி பேத்தி எத்தனை பேரை உள்ளே விடலாம்னு அவன்தான் முடிவு பண்றான். உள்ளே போயிட்டவங்களுக்கு அந்த வாட்ச்மேன் இருக்கிறது வசதி.

எங்க பொண்ணு ரெண்டாவது இன்டர்னல்ல பாஸ் பண்ணிட்டா. எப்படின்னு கேட்டா, முதல்ல தமிழ்ல புரிஞ்சுக்கிட்டு, அப்புறம் அதை இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணினாளாம். அதாவது மத்தவங்க ஒரு தடவை படிக்கிறதை இவ ரெண்டு தடவை படிக்கிறா. அந்த ரெண்டாவது தடவைக்கான தூக்கத்தை யார் கணக்குல எழுதுறது?

பி.கு 1: டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, ஒரே ஒரு உறுப்பைப் பத்தி, உங்க தெருவுல பேசுற தமிழ்ல, ஒரு பதிவு எழுதுங்க. மண்ணீரலை யாரும் எடுக்க மாட்டீங்கன்னு தெரியும், பரவால்ல. :-)

பி.கு 2: "உனக்கு இங்கிலீஷ் தெரியும், அதான் பேசுற"ன்னு ஒருத்தர் போன்லயே திட்டிட்டார். ஆமாங்க. தெரிஞ்சவன்தான் பேசணும். தெரியாதவங்க பேசினா எவன் கேக்குறான்?